காதை மூடினால் இரைச்சல் குறையும், அடைப்பு போகாது

இந்த முறை வந்திருக்கும் கடிதம் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையுடையது. வயது 61, ஊர் திருச்சிப் பக்கம். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகக் கணவரோடு டல்லாஸ் போகிறார். சென்னையிலிருந்து தோஹாவுக்கு 5 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அங்கே காத்திருப்பு, அப்புறம் ஒரே மூச்சில் 16 மணி நேரம். மூன்று வருடத்துக்கு முன் மூத்த பேரன் பிறந்தபோது இதே வழியில் போனது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. ராத்திரி முழுக்க இன்ஜின் சத்தம், முன் வரிசையில் விடாமல் அழுத கைக்குழந்தை, பொட்டுத் தூக்கம் இல்லை. போதாததற்கு, விமானம் இறங்கும்போது இடது காதில் ஊசி ஏற்றியதுபோல் வலி. நான்கு நாள் காது அடைத்தே கிடந்ததாம். "பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டேன், சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது மாப்பிள்ளை, இரைச்சலை நீக்கும் ஹெட்போன் ஒன்றை 30,000 ரூபாயில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாகவும் இருக்கிறது, வேண்டாமென்று சொல்ல மனமும் இல்லை. கணவருக்கு 68 வயது, இரண்டு காதிலும் மிஷின் வைத்திருக்கிறார். "புளூடூத்தைத் தலையில் மாட்டினால் மூளைக்கு ஆகாது" என்பது அவர் கட்சி. ஆசிரியைக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, எப்போதும் மூக்குக்கண்ணாடி உண்டு, சில வருடமாக இடது காதில் மட்டும் வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தமும் உண்டு. கடிதத்தின் கடைசி வரி இது: "இந்த ஹெட்போனைப் போட்டால் காது வலியும் வராது, குழந்தை அழுகையும் கேட்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள், வாங்கலாமா டாக்டர்?"

அன்புள்ள டீச்சர்,

வாங்கலாம். ஆனால் 30,000 ரூபாய்க்கு வேண்டாம். காது வலிக்காக என்றால் 300 ரூபாய்க்குக்கூட வேண்டாம். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இரண்டு தொந்தரவுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று இரைச்சல், வெளியிலிருந்து வருவது. இன்னொன்று காற்றழுத்தம், செவிப்பறைக்கு உள்ளே நடப்பது. ஹெட்போனுக்கு முதலாவதில்தான் வேலை. இரண்டாவதில் அதனால் உபகாரம் இல்லை. கவனமில்லாமல் மாட்டிக்கொண்டால் கெடுதல்கூட உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த ஹெட்போன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆடிக்கொண்டிருக்கிற ஊஞ்சலை எதிர்ப்பக்கம் நின்று, அது வரும் அதே வேகத்தில், சரியான நொடியில் தள்ளினால் அது நின்றுவிடும் அல்லவா? அதுதான் சூட்சுமம். ஹெட்போனின் ஓரத்தில் இருக்கும் குட்டி மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சிப், அந்தச் சத்த அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. இரண்டும் மோதி அடங்கிவிடுகின்றன. இந்த யோசனைக்கு ஜெர்மனியின் பால் லூக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். விமானப் பயணிகளின் காதுக்கு அது வந்து சேர்ந்த கதையில் நம் நாட்டு வாசனையும் உண்டு. வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரின் மகன் அமர் போஸ், அங்கே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது, 2000-இல் பயணிகளுக்கானது.

ஊஞ்சல் ஒரே தாளத்தில் ஆடினால்தான் எதிர்த்தள்ளல் பலிக்கும். கோணல்மாணலாகக் குதித்தால் எந்த நொடியில் தள்ளுவது? இன்ஜினின் 'ஹோ' என்ற சத்தம், ஏசியின் உறுமல் எல்லாம் அடிக்குரல் சத்தங்கள், மாறாமல் ஓடுகிறவை. அவற்றை இந்தக் கருவி 20 டெசிபலுக்கு மேல் குறைத்துவிடும். முதல் தடவை மாட்டுகிறவர்களுக்கு விமானமே நின்றுவிட்டதோ என்று ஒரு திடுக்கிடல் வரும். குழந்தையின் அழுகையோ திடீரென்று வரும், ஏறும், கீச்சென்று உச்சிக்குப் போகும். அதனால் அது கேட்கத்தான் செய்யும். சொல்லப்போனால் இன்ஜின் சத்தம் அடங்கிய பிறகு அழுகை மட்டும் தனியாக, துலக்கமாகக் கேட்பதுபோலச் சிலருக்குத் தோன்றும். 30,000 கொடுத்துவிட்டு இந்தக் கட்டத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

அழுகையைக் குறைக்க வேறு சாமான் இருக்கிறது: மருந்துக்கடையில் ஒரு ஜோடி சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபோம் இயர் பிளக். கீச்சுச் சத்தங்களைத் தடுப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். பலர் அதைத் தப்பாக வைத்துவிட்டு 'ஒன்றும் வேலைக்காகவில்லை' என்கிறார்கள். கையைக் கழுவிவிட்டு, விரல்களுக்கு நடுவில் திரி திரிப்பதுபோல் உருட்டி மெலிதாக்குங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலாகவும் பின்னாகவும் இழுத்துப் பிடித்து, திரியை உள்ளே செருகுங்கள். 30 விநாடி விரலால் அழுத்தியபடி இருங்கள், அது உள்ளே உப்பி நிறையட்டும். இதன்மேல் ஹெட்போனையும் மாட்டினால் அடிக்குரலை அது பார்த்துக்கொள்ளும், மேல்குரலை இது பார்த்துக்கொள்ளும். தூங்கப்போகும் நேரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இறங்கும்போது தூங்கக் கூடாது

இனி அந்த வலி. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைத்திருப்பார்கள். கொடைக்கானலில் 16 மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்குவதற்குள் காது 'டப்'பென்று அடைத்துத் திறக்குமே, அதே சமாசாரம்தான். பஸ் சுற்றிச் சுற்றி நிதானமாக இறங்குகிறது. விமானம் அதே இறக்கத்தை அரைமணிச் சொச்சத்தில் முடித்துவிடுகிறது.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு சிறு குழாய் போகிறது. அது எப்போதும் மூடியே கிடக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் ஒரு கணம் திறந்து, உள் அழுத்தத்தையும் வெளி அழுத்தத்தையும் சமமாக்கும். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் குழாய் திறக்காவிட்டால் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். அதுதான் உங்களுக்கு வந்த வலி. ரொம்ப இழுபட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அதுதான் அந்த நான்கு நாள் அடைப்பு. செவிப்பறைக்கு உள்பக்கம் நடக்கும் இந்தக் கூத்துக்கு வெளியே மாட்டும் ஹெட்போன் என்ன செய்யும்?

இனி அந்தக் கெடுதல். தூங்கும்போது நாம் குறைவாகத்தான் விழுங்குகிறோம். ஹெட்போன் நன்றாக வேலை செய்தால் நீங்கள் நன்றாகத் தூங்குவீர்கள். விமானம் இறங்கத் தொடங்கும் அறிவிப்பும் காதில் விழாது, இன்ஜின் சத்தம் மாறுவதும் தெரியாது. கண் விழிக்கும்போது பாதி இறங்கியிருக்கும், காது பூட்டிக்கொண்டிருக்கும். இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. முப்பது வருடமாகக் காது பார்க்கிற நானே லேசான ஜலதோஷத்தோடு, புது ஹெட்போன் வாங்கிய குஷியில், இறங்கும்வரை தூங்கிவிட்டு ஐந்து நாள் வலது காதைப் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த வாரம் வந்த நோயாளிகள் எல்லாம் என்னிடம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

ஆகவே தோஹாவிலும் சரி, டல்லாஸிலும் சரி, முன்சீட்டுத் திரையில் 'இன்னும் ஒரு மணி நேரம்' என்று காட்டும்போது ஹெட்போனையும் இயர் பிளக்கையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். தூக்கம் வந்தால் போனில் டைமர் வையுங்கள். அலாரம் வேண்டாம், நடுவானில் எந்த ஊர் நேரம் என்று குழம்பும். பணிப்பெண்ணிடமும் எழுப்பச் சொல்லி வைக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு தரை தொடும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எதையாவது விழுங்குங்கள். புளிப்பு மிட்டாய், ஒரு மடக்குத் தண்ணீர், எது வேண்டுமானாலும். அடைக்கிற மாதிரி இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாகக் காற்றை ஊதுங்கள். மெதுவாக என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். முக்கி ஊதினால் செவிப்பறைக்கே ஆபத்து.

சளியோடு புறப்பட நேர்ந்தால், இறங்குவதற்கு அரைமணி முன்னால் அடிக்கும் மூக்கு ஸ்பிரே உண்டு. நீங்கள் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் அதை உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மூக்கடைப்புக்கென்று கடையில் தானாக வாங்கும் சளி மாத்திரைகள் உங்களுக்கு ஆகாது, அவற்றில் சில அழுத்தத்தை ஏற்றிவிடும்.

அப்புறம் அந்தப் பூண்டு எண்ணெய். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அம்மாவும் எனக்கு விட்டிருக்கிறார். காதில் விட்ட எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். நீர் கோத்திருந்தது அதற்குப் பின்னால். நான்கு நாளில் அது தானாக வடிந்தது, பேர் பூண்டுக்குப் போனது. செவிப்பறையில் சின்ன ஓட்டை இருந்திருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போய்ச் சீழ் பிடிக்க வைத்திருக்கும். இந்தத் தடவை அடைத்தால் ஒன்றும் விட வேண்டாம், பஞ்சு பட்ஸ், ஊக்கு எதுவும் போட வேண்டாம்.

இடது காதின் ரீங்காரம்

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது: ஒரு காதில் மட்டும் சில வருடமாகச் சத்தம். இரண்டு காதிலும் இருந்தால் வயது, கேள்வித்திறன் குறைவு என்று பெரும்பாலும் விளக்கிவிடலாம். ஒரு காதில் மட்டும் என்றால் காரணம் என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். என்றாலும் புறப்படுவதற்கு முன் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, கேள்வித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள், அரைமணி வேலை. இரண்டு காதுக்கும் கேள்வியில் வித்தியாசம் இருந்தால் அவர் ஸ்கேன் சொல்லலாம், பயப்படாமல் எடுங்கள். போன தடவை அடைத்த அதே காதும் இதுதான் என்பதால் செவிப்பறையையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெட்போனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சுற்றுச் சத்தம் அடங்கினால் உள்சத்தம் எடுப்பாகத் தெரியும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு அந்த ரீங்காரம் உங்களுக்குப் பெரிதாகக் கேட்கிறதா இல்லையா? ஹெட்போன் போட்டாலும் அதேதான். இதனால் காது கெட்டுவிடாது, மனம்தான் அதையே பிடித்துக்கொண்டு தூங்க விடாது. அதனால் முழு அமைதியில் தூங்கப் பார்க்காதீர்கள். தம்புரா சுருதியையோ மழைச் சத்தத்தையோ போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, ரீங்காரத்தைவிடச் சற்றுக் குறைவான அளவில் ஓடவிடுங்கள். மேலே நெட் கிடைக்காமல் போகலாம், ஆகவே வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வாங்கலாம் என்கிறேன்? ஒலி அளவுக்காகத்தான். விமானத்துக்குள் 80 டெசிபல் அளவில் இரைச்சல் இருக்கும். அதில் சாதாரண ஹெட்போனில் படம் பார்க்கிறவர் வசனம் கேட்க 90-க்கு ஏற்றிவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான். இரண்டு படம் பார்த்தால் வாரக் கணக்கு முடிந்தது. இரைச்சலை அடக்கும் ஹெட்போன் இருந்தால் பாதி ஒலியிலேயே வசனம் புரிகிறது. ஏற்கெனவே ரீங்காரம் உள்ள காதுக்கு இது பெரிய விஷயம்.

எதை வாங்குவது

காதுக்குள் செருகும் பட்ஸ் வகை வேண்டாம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் பலவற்றில் 6 மணி நேரம்தான் ஓடும், 16 மணி நேரப் பயணத்தில் இரண்டு தடவை பெட்டியில் போட்டு எடுக்க வேண்டும். இருட்டில் ஒன்று சீட்டுக்கு அடியில் விழுந்தால் தேடுவதும் பாடு. காதை முழுக்க மூடும் மெத்தை வைத்ததுதான் உங்களுக்குச் சரி.

அதில் விலையைவிட எடையைப் பாருங்கள். சோனி WH-CH720N என்று ஒரு மாடல், 192 கிராம்தான், இரைச்சல் நீக்கம் ஓடியபடியே 35 மணி நேரம் தாங்கும். ஏறத்தாழ 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. உங்கள் மாப்பிள்ளை சொல்லும் உயர்ந்த ரகங்களில் சோனி WH-1000XM5 250 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 380 கிராமைத் தாண்டும், நம் வயதுக் கழுத்துக்கு அது தேங்காய் மூடியைக் கட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரி. உயர்ந்த ரகங்கள் இரைச்சலை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அடக்கும், மறுக்கவில்லை. மாதம் இரண்டு தடவை பறக்கிறவர் வாங்கட்டும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பிரசவம் பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கூடுதல் காசுக்கு அர்த்தமில்லை. (எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு பைசா தருவதில்லை. இதே எடை, இதே வசதி உள்ள வேறு பிராண்டாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.)

ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். கடைக்குப் போய், நீங்கள் விமானத்தில் எப்படி இருப்பீர்களோ அப்படியே போய், மாட்டிப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு மாட்டுங்கள். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சந்து விடும், அந்தச் சந்து வழியாக நாம் தடுக்க நினைக்கும் அடிக்குரல் சத்தமே முதலில் உள்ளே வரும். மெத்தை மெத்தென்று இருந்தால் காம்பை அணைத்துக்கொள்ளும், விறைப்பாக இருந்தால் காம்பைக் காதுக்குப் பின் எலும்பில் அழுத்தும், இரண்டு மணி நேரத்தில் தலைவலி தொடங்கிவிடும். ஜிமிக்கி, தொங்கட்டான் எதையும் பயணத்தில் போடாதீர்கள், திருகாணி நீண்ட தோடுகூடக் குத்தும். கொண்டையைக் கழுத்தோடு தாழ்த்திப் போடுங்கள், உச்சியில் போட்டால் பட்டை வழுக்கும். கடையில் ஏசிக்கு நேர் கீழே நின்று சுவிட்சைப் போட்டு அணைத்துப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரியும். வாங்கி வந்த பிறகு அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு வேலை பாருங்கள். சிலருக்கு இரைச்சல் நீக்கத்தைப் போட்டதும் காதை யாரோ உள்ளே அழுத்துவதுபோல இருக்கும், லேசாகத் தலை சுற்றும். நிஜமான அழுத்தம் அங்கே ஏதும் இல்லை, மூளைக்குப் பழக்கமில்லாத ஒரு அமைதி, அவ்வளவுதான். ஆனாலும் அப்படி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. அது ஊரிலேயே தெரியட்டும், அட்லாண்டிக்குக்கு மேலே தெரிய வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டிய ஒரு பொருள், ஒயர். முன்சீட்டுத் திரையில் படம் பார்க்க, பல விமானங்களில் இன்னும் 3.5 மில்லிமீட்டர் பின் செருகும் துளைதான். புளூடூத் உள்ள திரைகள் வந்துகொண்டிருக்கின்றன, உங்களுக்கு அமையும் என்று நம்பிப் போகாதீர்கள். சில புது ஹெட்போன்களில் அந்தத் துளையே இருக்காது, சிலவற்றில் ஒயர் தனியாக வாங்க வேண்டும். பழைய விமானங்களில் இரட்டைப் பின் துளை வரும், ஒற்றைப் பின்னைச் செருகினால் ஒரு காதில்தான் பாட்டுக் கேட்கும். இரட்டைப் பின் அடாப்டர் ஒன்றை நூறு இருநூறு ரூபாய்க்கு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

ஹெட்போனைக் கைப்பையில் கொண்டுபோங்கள். பவர் பேங்க் இருந்தால் அதுவும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடவே கூடாது. பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்த 2025 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபரிலிருந்து எமிரேட்ஸும் தடை போட்டுவிட்டன. நீங்கள் போகும் விமானத்தின் விதியைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் வீட்டிலேயே முழு சார்ஜ் ஏற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை. பாதுகாப்பு அறிவிப்பு நேரத்தில் மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

சாருடைய பயமும் அவருடைய மிஷினும்

புளூடூத் பற்றி சார் கவலைப்படுவதில் தப்பில்லை, ஆனால் கணக்கு வேறு மாதிரி. ஹெட்போனில் உள்ள புளூடூத் பொதுவாகச் சில மில்லிவாட் அளவில் வேலை செய்கிறது. தினம் நாம் காதில் ஒட்டிவைத்துப் பேசும் செல்போன், டவர் தூரத்தில் இருக்கும்போது அதைப்போலப் பல மடங்கு அனுப்புகிறது. இரண்டுமே எக்ஸ்ரே போல செல்லைச் சிதைக்கும் கதிர்வீச்சு வகை இல்லை. தவிர, இரைச்சல் நீக்கும் வேலைக்கும் புளூடூத்துக்கும் சம்பந்தமே கிடையாது. புளூடூத்தை அணைத்துவிட்டு ஒயர் போட்டுக் கேட்டாலும் இரைச்சல் அடங்கும். இதை அவரிடம் சொல்லுங்கள், வாதம் முடிந்துவிடும்.

அவருக்கு இந்த ஹெட்போன் வேண்டாம் என்பேன். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின்மேல் மெத்தையை வைத்தால் 'கீ'யென்று கூவும். இரைச்சல் தாங்கவில்லை என்றால் மிஷினின் ஒலியைக் குறைத்துக்கொண்டு தூங்கட்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதை அணைக்க வேண்டியதில்லை, அறிவிப்புக் கேட்க அது தேவை. படம் பார்க்க ஆசைப்பட்டால் மிஷினைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்துவிட்டு உங்கள் ஹெட்போனைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ளலாம். டிஷ்யூவில் சுற்றி ட்ரேயில் வைக்க வேண்டாம். சாப்பாட்டு ட்ரேயோடு குப்பைக்குப் போன மிஷின்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு. மாற்று பேட்டரி கைப்பையில் இருக்கட்டும்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு லேசான அடைப்பு இரண்டு மூன்று நாள் இருந்தால் பொறுத்துப் பாருங்கள். ஆனால் ஒரு காதில் கேள்வி சட்டென்று விழுந்துவிட்டாலோ, தலைசுற்றலோடு வாந்தி வந்தாலோ, காதில் நீர் வடிந்தாலோ, ரீங்காரம் திடீரென்று பல மடங்கு ஆனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்க் கேள்வி இழப்புக்கு முதல் சில நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால் பலன் அதிகம். "பிரசவ வீட்டில் இப்போது எதற்கு" என்று தள்ளிப் போடாதீர்கள். பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே செலவு எப்படி என்று உங்கள் மகள் சொல்லியிருப்பார்.

மாப்பிள்ளை விஷயம் ஒன்று பாக்கி. அவர் ஆசையாகச் சொல்வதை மறுக்க வேண்டாம், வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். மிச்சமாகும் 20,000 ரூபாயில் சீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் இறக்கையில் தொங்கும் விமானங்களில் இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளில் சத்தம் குறைவு, வால்பக்கம் போகப்போகக் கூடும். ஆனால் முன்னால் என்றதும் ஒவ்வொரு பகுதியிலும் தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையைப் பிடித்துவிடப் போகிறார், காலை நீட்ட இடம் கிடைக்கிறதே என்று. கைக்குழந்தைத் தொட்டிலை மாட்டுவது அந்தச் சுவரில்தான். போன தடவை உங்களுக்கு முன் வரிசையில் குழந்தை இருந்ததற்கும் அநேகமாக அதுதான் காரணம். அங்கிருந்து நாலைந்து வரிசை தள்ளி, நடைபாதை ஓரமாகக் கேட்கச் சொல்லுங்கள்.